வாசல் வரை வந்த வகுப்பறை

(மூன்றாம் ஆண்டு மாணவர், இயந்திரவியல் துறை)

ஒரு ரகசியத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றாவது செமஸ்டரில் ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடத்தில் எனக்கு அரியர். ரகசியம் என்று பெயர்தான். ரிசல்ட் வந்த அன்றே கேன்டீன் வரைக்கும் தெரிந்துபோன ரகசியம் அது!

இரண்டு முனைகளிலும் தாங்கி வைத்த ஒரு பீம். அதன் முழு நீளத்துக்கும் சீரான பாரம். நடுவில் பெண்டிங் மொமெண்ட் எவ்வளவு? ‘டபிள்யூ எல் ஸ்கொயர் பை எட்டு’. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் ஏன் எட்டு? ஏன் ஆறு இல்லை, பத்து இல்லை? அது எனக்குத் தெரியாது. வகுப்பில் கேட்கவும் கூச்சம். தேர்வில் பீமின் ஒரு முனையைத் தாங்கிக்கு வெளியே கொஞ்சம் நீட்டிவிட்டுக் கணக்கைக் கொடுத்துவிட்டார்கள். மனப்பாடம் செய்த எட்டு கைகொடுக்கவில்லை. போச்சு!

விடுதி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தபோது ஃபைனல் இயர் அண்ணன் ஒருவர் வந்தார். “ஃபார்முலாவை விடுடே தம்பி. இதைப் பாரு” என்று தன் போனை நீட்டினார். ஐ.ஐ.டி. பேராசிரியர் ஒருவர் கரும்பலகை முன் நின்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அவர் பீமை நடுவில் வெட்டினார் (படத்தில்தான்!). இடது பாதியை மட்டும் வைத்துக்கொண்டார். தாங்கி மேலே தள்ளும் விசை மொத்தப் பாரத்தில் பாதி. அது நடுவிலிருந்து அரை நீளம் தள்ளி இருக்கிறது. பெருக்கினால், டபிள்யூ எல் ஸ்கொயரில் நான்கில் ஒரு பங்கு. அந்தப் பாதிமேல் உட்கார்ந்திருக்கும் பாரமும் அதே பாதிதான். ஆனால் அதன் மையம் கால் நீளத்தில் இருக்கிறது. பெருக்கினால் எட்டில் ஒரு பங்கு. நான்கில் ஒன்றிலிருந்து எட்டில் ஒன்றைக் கழித்தால் எட்டில் ஒன்று. அவ்வளவுதான்!

அவர் பேசிய ஆங்கிலம் எனக்கு முதல் தடவை பாதிதான் புரிந்தது. மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். மூன்றாம் தடவையில் எட்டு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. ஏப்ரல் தேர்வில் பாஸ்.

பாஸ் ஆனதை விட இன்னொன்றுதான் என்னை யோசிக்க வைத்தது. அந்தப் பேராசிரியரின் வகுப்பில் உட்கார நாட்டிலேயே கடினமான நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். நானோ கிராமத்து அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு டிப்ளமோவுக்கு வந்தவன். அவருடைய வகுப்பறை எங்கள் விடுதி மாடிப்படிக்கு எப்படி வந்தது? அதைப் பூட்டாமல் திறந்து வைத்தது யார்? இத்தனை நாளாக அது ஏன் என்னிடம் வரவில்லை? இந்த மூன்று கேள்விகளுக்கும் எனக்குத் தெரிந்த பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தாள் தாளாக ஒரு பயணம்

முதலில், எப்படி வந்தது? நமக்குத் தெரிந்த பொருளை வைத்தே சொல்லிவிடலாம். ரெக்கார்டு நோட்!

திருநெல்வேலியிலிருந்து சென்னை நண்பனுக்கு 60 தாள் ரெக்கார்டு நோட்டு ஒன்றை அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய டெலிபோன் முறையில், அந்த நோட்டு போய்ச் சேரும் வரை முழுச் சாலையையும் நாமே பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். நடுவில் வேறு யாரும் போக முடியாது. இன்டர்நெட் முறை அப்படியல்ல. நோட்டைத் தாள் தாளாகப் பிரி. ஒவ்வொரு தாளையும் தனிக் கவரில் போடு. கவர்மேல் பெறுபவர் முகவரி, அனுப்புபவர் முகவரி, தாளின் எண், மூன்றையும் எழுது. பிறகு வருகிற பஸ்ஸில் எல்லாம் ஏற்றிவிடு. ஒன்று மதுரை, திருச்சி வழியாகப் போகும். இன்னொன்று சேலம் வழியாகப் போகும். 37ஆம் தாள் 12ஆம் தாளுக்கு முன்னாலேயே போய்ச் சேரலாம். பரவாயில்லை. நண்பன் எண்ணைப் பார்த்து அடுக்கிக்கொள்வான். 41ஆம் தாள் வரவில்லையா? “41 வரலை, திரும்ப அனுப்பு” என்று சொல்லி அனுப்புவான். அந்த ஒரு தாளை மட்டும் மறுபடி அனுப்பினால் போதும்.

இந்தக் கவருக்குப் பெயர்தான் ‘பாக்கெட்’. 1960களில் அமெரிக்காவில் பால் பாரனும் இங்கிலாந்தில் டொனால்டு டேவிஸும் தனித்தனியாக இந்த யோசனைக்கு வந்தார்கள். முகவரி எழுதும் விதி ஐ.பி. எனப்படும். எண் போட்டு அடுக்குவதற்கும், வராததைத் திரும்பக் கேட்பதற்கும் உள்ள விதி டி.சி.பி. எனப்படும். விண்ட் செர்ஃபும் பாப் கானும் இவற்றுக்கு அடிப்படையான கட்டுரையை 1974இல் வெளியிட்டார்கள். 1983 ஜனவரி 1 அன்று அமெரிக்காவின் அர்பாநெட் வலையமைப்பு இந்த விதிகளுக்கு மாறியது. நம் லேபில் உள்ள நெட்வொர்க் வயரில் ஒரு பாக்கெட் அதிகபட்சம் 1,500 பைட் சுமக்கும். எனவே 3 எம்.பி. அளவுள்ள ஒரு பாடப்புத்தகம் நம் கைக்கு வரும்போது ஏறத்தாழ 2,000 கவர்களாக வந்து, கண்ணிமைக்கும் நேரத்தில் அடுக்கப்படுகிறது.

அரியர் வைத்த நண்பர்களுக்கு ஆறுதலாக ஒரு செய்தி. 1969 அக்டோபர் 29 அன்று அர்பாநெட்டில் முதல் செய்தி அனுப்பப்பட்டது. லாஸ் ஏஞ்சலஸில் இருந்த பல்கலைக்கழகக் கம்ப்யூட்டரிலிருந்து ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்துக் கம்ப்யூட்டருக்கு ‘லாகின்’ என்ற ஐந்தெழுத்துச் சொல்லை அனுப்பப் பார்த்தார்கள். முதல் இரண்டு எழுத்துகள் போனதுமே அங்கிருந்த கம்ப்யூட்டர் படுத்துவிட்டது! சுமார் ஒரு மணி நேரம் கழித்துத்தான் முழுச் சொல்லும் போனது. ஆக, இன்டர்நெட்டே முதல் அட்டெம்ப்ட்டில் பாஸ் ஆகவில்லை!

சரி, இந்தக் கவர்கள் எந்தச் சாலையில் போகின்றன? ஆகாயத்தில் சாட்டிலைட் வழியாகத்தான் எல்லாம் வருகிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் கண்டங்களுக்கு இடையில் பெரும்பகுதி கடலுக்கு அடியில், தலைமுடி போன்ற கண்ணாடி இழைகளுக்குள் ஒளியாகப் போகிறது. நம் சென்னைக் கடற்கரையில் அத்தகைய கேபிள்கள் கரையேறுகின்றன. வித்தியாசம் என்ன என்று அந்தமானைக் கேட்டால் தெரியும். 2020 ஆகஸ்ட் 10 வரை அந்தத் தீவுகள் சாட்டிலைட்டைத்தான் பெரிதும் நம்பியிருந்தன. அன்றுதான் சென்னையிலிருந்து சுமார் 2,300 கி.மீ. நீளக் கடலடிக் கேபிள் அங்கே பயன்பாட்டுக்கு வந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தச் சாட்டிலைட் பூமிக்கு மேலே ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்தில் நிற்கிறது. ஏறி இறங்க 72,000 கி.மீ. விநாடிக்கு 3 லட்சம் கி.மீ. வேகத்தில் போனாலும் 0.24 விநாடி. கண்ணாடி இழைக்குள் ஒளியின் வேகம் குறைந்து விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஆகிவிடும். ஆனாலும் சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு (2024இல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றப்பட்டது) நேர்தூரம் சுமார் 1,400 கி.மீ.தான். 0.007 விநாடியில் போய்விடலாம். அதைவிட முக்கியம், ஒரு கேபிள் சுமக்கும் பாரத்தை அத்தகைய சாட்டிலைட்டால் சுமக்க முடியாது.

இன்னொரு கணக்கு. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் சேவையைத் தொடங்கியது. அப்போதைய டயல்-அப் வேகம் விநாடிக்கு 9.6 கிலோபிட். அதாவது 1,200 பைட். இன்று நாம் பார்க்கும் ஒரு பாட வீடியோ 100 எம்.பி. என்றால், அன்றைய வேகத்தில் அது வந்து சேர 23 மணி நேரத்துக்கு மேல் ஆகும்! அதுவரை வீட்டு டெலிபோன் லைனும் பிஸி. இன்று 10 மெகாபிட் வேகம் கிடைத்தால் அதே வீடியோவுக்கு 80 விநாடி போதும். சாலை அகலமானதால்தான் வகுப்பறை அதன்மேல் வர முடிந்தது.

பூட்டாமல் விட்டவர்கள்

சாலை இருந்தால் மட்டும் போதுமா? வீட்டுக்காரர் கதவைத் திறக்க வேண்டாமா? இரண்டாவது கேள்வி அதுதான்.

ஜெனீவாவில் செர்ன் என்ற இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை செய்த டிம் பெர்னர்ஸ்-லீ, ஆவணங்களை ஒன்றோடொன்று இணைக்கும் ‘வெப்’ யோசனையை 1989இல் எழுதிக்கொடுத்தார். 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் ஒரு காரியம் செய்தது. வெப்புக்கான மென்பொருளை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று பொதுச்சொத்தாக அறிவித்துவிட்டது. ஒவ்வொரு பக்கத்துக்கும் காசு என்று அன்றைக்கு வைத்திருந்தால் நம் மாடிப்படிக்கு எதுவும் வந்திருக்காது.

2001 ஏப்ரலில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனம் தன் பாடக்குறிப்புகளை இலவசமாக வெளியிடப்போவதாக அறிவித்தது. “காசு கட்டிப் படிக்கிறவன் இனிமேல் ஏன் வரப்போகிறான்?” என்று கேட்கத் தோன்றும். ஆனால் அட்மிஷன் வேறு, அறிவு வேறு என்று அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள்.

நம் நாட்டிலும் அந்த யோசனை 1999லேயே எழுந்துவிட்டது. 2003இல் ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து, மத்திய அரசின் நிதியில் தொடங்கிய திட்டம்தான் என்.பி.டி.இ.எல். சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் என்று ஐந்து துறைகளில் ஆரம்பித்தார்கள். இதில் சென்னை ஐ.ஐ.டி.யின் பங்கு பெரியது. நான் மாடிப்படியில் பார்த்தது அந்தத் திட்டத்தின் பாடம்தான்.

2014இலிருந்து சான்றிதழும் தருகிறார்கள். 4, 8, 12 வாரப் பாடங்கள் உண்டு. வயது, மார்க், நுழைவுத் தேர்வு எதுவும் தேவையில்லை. சேர்வது இலவசம். வாராவாரம் அசைன்மென்ட். அதற்கு 25 மதிப்பெண். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் கட்டணம் கட்டி, நேரில் தேர்வு மையத்துக்குப் போய் எழுத வேண்டும். அதற்கு 75 மதிப்பெண். யாரும் பக்கத்தில் உட்கார்ந்து காட்ட மாட்டார்கள். அதனால்தான் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு.

நமக்கென்று என்ன இருக்கிறது?

“ஐ.ஐ.டி. பாடம் எல்லாம் நமக்கு எதுக்குடா மச்சான், நாம டிப்ளமோதானே” என்று சிலர் சொல்லலாம். நமக்கு நேரடியாகப் பயன்படுபவற்றை மட்டும் கீழே தருகிறேன்.

1. ஸ்போக்கன் டுடோரியல்: பம்பாய் ஐ.ஐ.டி.யில் உருவானது. ஏறத்தாழ பத்து நிமிடத் துண்டுகளாகச் சாஃப்ட்வேர் பாடங்கள். பலவற்றுக்குத் தமிழ்க் குரல் உண்டு. திரையின் ஒரு பாதியில் வீடியோ, மறுபாதியில் சாஃப்ட்வேர். அவர் ஒரு அடி வைத்தால் நிறுத்திவிட்டு நாமும் ஒரு அடி வைக்க வேண்டும்.

2. விர்ச்சுவல் லேப்ஸ்: மத்திய அரசுத் திட்டம். டெல்லி ஐ.ஐ.டி. தலைமையில் பல நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கியது. லேபில் ஒரு தடவை செய்த பரிசோதனையை வைவாவுக்கு முன் திரையில் பத்துத் தடவை செய்து பார்க்கலாம். ஃபியூஸ் போகாது!

3. இ-கும்ப்: ஏ.ஐ.சி.டி.இ.யின் பாடநூல் தளம். டிப்ளமோவுக்கும் பொறியியல் பட்டத்துக்குமான புத்தகங்கள் தமிழ் உள்பட இந்திய மொழிகளில் இலவசமாகக் கிடைக்கின்றன.

4. தேசிய டிஜிட்டல் நூலகம்: கரக்பூர் ஐ.ஐ.டி. நடத்துவது. 2018 ஜூனில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பல நூலகங்களை ஒரே இடத்திலிருந்து தேடலாம்.

5. ஸ்வயம், ஸ்வயம் பிரபா: இரண்டும் 2017 ஜூலை 9 அன்று தொடங்கின. முதலாவது இன்டர்நெட்டில் பாடங்கள் தருவது. இரண்டாவது 32 டி.டி.எச். சேனல்களுடன் தொடங்கியது. இன்டர்நெட் இல்லாத வீட்டுக்கும் டிஷ் இருந்தால் பாடம் வரும். தினமும் குறைந்தது நான்கு மணி நேரப் புதுப் பாடம். அதையே மறுபடி மறுபடி போடுவார்கள். வயலுக்குப் போய்விட்டு வருகிறவரும் பார்க்கலாம்.

வாசலில் தொங்கும் பூட்டுகள்

இவ்வளவும் இலவசமாக இருந்தால், ஏன் எல்லோரும் படித்து முன்னுக்கு வந்துவிடவில்லை? மூன்றாவது கேள்விக்கு வந்துவிட்டோம். பதிலை என் வீட்டிலிருந்தே சொல்கிறேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. ஜூனில் நான் எட்டாம் வகுப்பு, தங்கை ஆறாம் வகுப்பு. வீட்டில் ஸ்மார்ட்போன் ஒன்றே ஒன்று, அப்பாவுடையது. எங்கள் ஊரில் வீட்டுக்குள் சிக்னல் வராது. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனால்தான் இரண்டு கோடு தெரியும். இரண்டு பேருக்கும் வகுப்பு ஒரே நேரம். போன் யாருக்கு? யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவில்லை. “அவன் பெரிய வகுப்பு, அவன் பார்க்கட்டும்” என்று அம்மா சொன்னாள். அவ்வளவுதான். தங்கை ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. அவளுக்குக் கல்வித் தொலைக்காட்சி இருந்தது. ஆனால் டி.வி.யிடம் சந்தேகம் கேட்க முடியாதே! பின்னங்களைக் கூட்டும் கணக்கு அந்த வருடம் அவளுக்குப் புரியாமலே போய்விட்டது. பள்ளி திறந்த பிறகு வாத்தியார் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

டெல்லியிலும் சென்னையிலும் எத்தனை பேர் சேர்ந்து திறந்துவைத்த கதவு அது! எங்கள் வீட்டுத் திண்ணையில் அதைச் சாத்தியது யார்? நான்தான். எனக்குத் தெரியாமலே சாத்தினேன்.

ஆக, முதல் பூட்டு சிக்னல். இரண்டாவது பூட்டு போன். மூன்றாவது பூட்டு அனுமதி. கேரளத்தில் ஒரு கல்லூரியின் பெண்கள் விடுதியில் மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை மொபைல் கூடாது என்று விதி இருந்தது. ஒரு மாணவி, ‘பாடத்துக்கே அது வேண்டும்’ என்று ஏற்க மறுத்தார். விடுதியை விட்டு அனுப்பிவிட்டார்கள். அவர் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார். இன்டர்நெட்டைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று 2019 செப்டம்பர் 19 அன்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவரை மீண்டும் விடுதியில் சேர்க்கவும் உத்தரவிட்டது. நம்மைப் போன்ற ஒரு மாணவி வாங்கிய தீர்ப்பு அது. ஒவ்வொரு விடுதி மாணவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

நான்காவது பூட்டு மொழி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

தமிழ் இடம் பிடித்த கதை

இன்று போனில் தமிழில் தட்டுகிறோம், படிக்கிறோம். இது தானாக வந்ததில்லை. 1990களில் தமிழுக்கு ஆளுக்கொரு எழுத்துரு. அனுப்பியவரிடம் உள்ள அதே ஃபான்ட் நம்மிடம் இல்லையென்றால் திரையில் ‘அ’ வரவேண்டிய இடத்தில் ஏதோ கோழிக்கிறுக்கல் வரும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி ‘தமிழ்99’ விசைப்பலகை தரமாக அறிவிக்கப்பட்டது. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யுனிகோடில் 1991இல் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தாலும், அது எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பரவப் பல வருடம் ஆனது. தமிழக அரசு யுனிகோடை 2010இல் ஏற்றது.

அதற்குள்ளேயே சிலர் காத்திருக்காமல் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். 1998 பொங்கல் அன்று ‘மதுரைத் திட்டம்’ பிறந்தது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த விஞ்ஞானி முனைவர் கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைத்தார். பல நாடுகளில் இருந்த தமிழர்கள், பகல் வேலை முடித்துவிட்டு இரவில் உட்கார்ந்து பழந்தமிழ் நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்தார்கள். ஒருவர் தட்டச்சு செய்ய இன்னொருவர் பிழை பார்த்தார். சம்பளம் கிடையாது. இன்று அந்த நூல்களை எந்த ஊரிலிருந்தும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். 2003இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. இன்று அதில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. அவையும் தன்னார்வலர்கள் எழுதியவை.

இலக்கியத்துக்கு இத்தனை பேர் கிடைத்தார்கள். தொழில்நுட்பத்துக்கு? என்.பி.டி.இ.எல். பாடங்கள் சிலவற்றின் எழுத்து வடிவம் தமிழிலும் வந்திருக்கிறது. நல்ல தொடக்கம். ஆனால் லேத்தில் டேப்பர் டர்னிங் செய்யும்போது எதைத் திருப்ப வேண்டும், ஏன் திருப்ப வேண்டும் என்று பட்டறையில் பேசும் தமிழில் எழுதக்கூடியவர் யார்? எங்கோ இருக்கும் பேராசிரியரா? அந்த லேத்தில் கை வைத்த நாம்தானே!

பார்த்தால் போதுமா?

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். வீடியோச் சுரைக்காயும் அப்படித்தான். ஒரு மணி நேரம் பார்த்து முடித்ததும் எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். நோட்டை மூடிவிட்டு வெறும் தாளில் போட்டுப் பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும். அந்தப் பீம் கணக்கை நான் மூன்று தடவை பார்த்ததால் கற்கவில்லை. பிறகு பதினைந்து கணக்கு கையால் போட்டதால் கற்றேன். வெர்னியரில் ரீடிங் எடுப்பதும், வெல்டிங்கில் ஆர்க் பிடிப்பதும் திரையில் வராது. அதற்கு நம் லேப் இன்ஸ்ட்ரக்டர் சார்தான் வேண்டும்.

கேட்டதற்குப் பதில் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் இப்போது வந்துவிட்டன. முனை நீட்டிய ஒரு பீம் கணக்கை அப்படி ஒன்றிடம் கொடுத்தேன். அழகான வரிசையில், கொஞ்சமும் தயங்காமல் விடை வந்தது. ஆனால் மொத்தப் பாரம் 30 கிலோநியூட்டன். அது சொன்ன இரண்டு தாங்கு விசைகளையும் கூட்டினால் 26தான் வந்தது. மேலே தள்ளுவதும் கீழே அழுத்துவதும் சமமாக இல்லாவிட்டால் பீம் எப்படி நிற்கும்? அந்த ஒரு விதி தெரிந்திருந்ததால் தப்பித்தேன். தெரியாமல் இருந்திருந்தால் அப்படியே அசைன்மென்ட்டில் எழுதியிருப்பேன். கருவி பெரிதாகப் பெரிதாக அடிப்படை இன்னும் அவசியமாகிறது, குறையவில்லை.

நாம் செய்யக்கூடியவை

கேபிள் போடுவது அரசின் வேலை. பாடத்தைத் திறப்பது பெரிய நிறுவனங்களின் வேலை. கடைசி நான்கு அடி மட்டும் நம்முடையது. இந்த ஆண்டு பேரவை முன் நான் வைக்கும் யோசனைகள்:

ஒன்று, நூலகத்தில் ஒரு ஹார்டு டிஸ்க். உரிமையாளர்களே இறக்கிக்கொள்ள அனுமதித்த பாடங்களை, செமஸ்டர் வாரியாகப் பிரித்து அதில் சேர்த்து வைப்போம். சிக்னல் இல்லாத ஊர் நண்பன் வெள்ளிக்கிழமை பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போகட்டும்.

இரண்டு, தனியாகப் பார்க்காமல் நாலு பேராகச் சேர்ந்து பார்ப்போம். ஆங்கிலம் நன்றாகப் புரிகிறவன் நிறுத்தி நிறுத்திச் சொல்லட்டும். ஒரு போனில் நாலு பேர் படிக்கலாம்.

மூன்று, ஒவ்வொரு துறையும் வருடத்துக்குப் பத்துத் தொழில்நுட்பக் கட்டுரைகளையாவது தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுவோம், அல்லது இருப்பதைத் திருத்துவோம். ஆதாரத்தோடு எழுதுவோம். நம் ஜூனியர் தேடும்போது அது அங்கே இருக்கும்.

நான்கு, வீட்டுக்குப் போகும்போது ஒரு கேள்வி கேட்போம்: நம் வீட்டில் போன் யாரிடம் இருக்கிறது? யாரிடம் இல்லை?

நான்காவதை நான் செய்துவிட்டேன். தங்கை இப்போது பதினோராம் வகுப்பு. போன பொங்கல் விடுமுறையில் ஒரு பென் டிரைவில் கணக்குப் பாடங்களை ஏற்றிக்கொண்டு போனேன். பின்னத்திலிருந்தே ஆரம்பித்தோம். முதலில் வெட்கப்பட்டாள். நான்கில் ஒன்றிலிருந்து எட்டில் ஒன்றைக் கழிக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தாள். பிறகு, “எட்டில் ஒண்ணுதானே அண்ணே?” என்றாள்.

எனக்கு அரியர் வைத்த அதே கணக்கு. அவளுக்கு முதல் அட்டெம்ப்ட்டிலேயே பாஸ்!